நேரில் வர வேண்டும்

பெனிட்டா இறந்து பத்து வருடமாகிறது. வங்கியில் மட்டும் அவள் வளர்ந்துகொண்டிருந்தாள். மகள் பெயரில் போட்ட டெபாசிட்டைத் தேவநேசன் தொடவேயில்லை. அவள் இறந்ததையும் அங்கே சொல்லவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் வங்கியிலிருந்து அவளுக்கான பிறந்தநாள் வாழ்த்து அவருடைய போனுக்கு வரும். மனைவி ஸ்டெல்லா அதை ஒருமுறை வாசித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைப்பாள். பிளைவுட் கடைக்காக வாங்கிய ஓவர்டிராஃப்ட் கழுத்தை நெரிக்கவே, அதை அடைக்க வழி கேட்டு மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்தார். நகைக்கடன், தனிநபர் கடன் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்ட மேலாளர் திரையைப் பார்த்து நிமிர்ந்தார்.

“பொண்ணு பேர்ல டெபாசிட் இருக்கே சார். இப்பவே உடைச்சா ஒரு பர்சன்ட்தான் பிடிப்போம். இதைவிட மலிவா வேற வழியே கிடையாது. ஆனா போன மாசம் பதினெட்டு முடிஞ்சிருச்சு, அவங்களே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். காலேஜா?”

உண்மையைச் சொன்னால் போதும். பீரோவில் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

“முதல் வருஷம் சார். கிறிஸ்துமஸ் லீவுல கூட்டிட்டு வர்றேன்.”

“அதுவரைக்கும் ஓவர்டிராஃப்டுக்கு வட்டி ஓடுமே?”

“ஓடட்டும்.”

மேலாளர் கொடுத்த படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஸ்டெல்லா அதை வாசித்தாள். கையெழுத்துக்கான கட்டத்தில் விரல் நின்றது.

“எட்டு வயசுல பேரைப் பெருசு பெருசா எழுதுவா,” என்றாள். “இப்ப எப்படிங்க போடுவா?”