இன்ஜினில் ஒரு கீச்சு

“இப்ப கேக்குதா?”

ஓடிக்கொண்டிருந்த பைக் இன்ஜினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கன்னம் சுடும் அளவுக்குக் காதைக் கொண்டுபோனார் மெக்கானிக். டுப் டுப் என்று வண்டி பரம சாதுவாக ஓடியது. வேறு ஒன்றும் அவர் காதில் விழவில்லை.

“இல்லையே சார்.”

“விளையாடறீங்களா? இவ்வளவு தெளிவா கேக்குது. கீ...ன்னு, மெல்லிசா, விடாம. நீங்க இன்ஜினைப் பிரிச்சு ரிங் மாத்திக் கொடுத்ததுலேருந்து இதே ரோதனைதான். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுலயே நிக்குது.”

“பெட்ரோல்ல ஏதாவது கலப்படம் இருக்குமோ...”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேலையில குறையை வச்சுக்கிட்டு பெட்ரோலைச் சொல்லாதீங்க.”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மெக்கானிக்கும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். ஆனால் சொன்னவர் சுருதி சார். பள்ளிக்கூடம், பாட்டு வகுப்பு, மண்டபம் என்று எங்கே பியானோவோ ஆர்மோனியமோ இருந்தாலும் சுருதி சேர்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பி மயிரிழை இறங்கினாலும் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பேர். அந்தக் காதோடு யார் வாதாடுவது?

ஆகவே மெக்கானிக் வண்டியோடு மல்லுக்கட்டினார். டைமிங் செயினை மாற்றினார். டேப்பட்டைச் சரிபார்த்தார். கிளட்ச் மூடியைக் கழற்றி, பேரிங்கை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சார் வண்டியை எடுத்துக்கொண்டு போனார், முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

கோளாறு கிடைத்தால் சரிசெய்யலாம். காதிலேயே விழாத கோளாறை என்ன செய்வது? மெக்கானிக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு பயம். அவருடைய அப்பாவும் மெக்கானிக்தான். இன்ஜின் சத்தத்திலேயே கிடந்து, ஐம்பதைத் தாண்டியதும் அவருக்குக் காது போய்விட்டது. முதலில் போனது மெல்லிய சத்தங்கள்தான். மகனுக்கும் இப்போது அதே வயது.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மனைவியைக் கூப்பிட்டார்.

“இங்க வா. இதுல கீன்னு ஏதாவது கேக்குதா, சொல்லு.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தலையைச் சாய்த்து நின்றாள். இன்ஜினைப் பார்த்ததைவிடச் சுருதி சாரின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள்.

“ஆமாங்க. கீன்னு... ஏதோ கேக்கத்தான் செய்யுது.”

“பாத்தீங்களா?” என்றார் சார்.

மெக்கானிக் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். சமையற்கட்டிலிருந்து வந்தவளுக்கே கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. காது போனவனிடம் எவன் வண்டியை விடுவான்? இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. அழுகை வரும்போல இருந்தது.

“சார், ஒளிச்சு என்ன ஆகப் போகுது? எனக்குக் காது போயிடுச்சு.”

சுருதி சாரின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“அட, மனசை விடாதீங்க. எனக்கும்தான் இப்ப நேரம் சரியில்ல. ஸ்கூல்ல ஒரு பியானோ, எவ்வளவு முறுக்கினாலும் கம்பி நிக்க மாட்டேங்குது. ஒருவழியா சேத்துட்டு வந்தா, சுருதி சேரவே இல்லைன்னு டீச்சர் ஃபோன் பண்றாங்க. இப்ப வர்ற கம்பியெல்லாம் மட்டச் சரக்கு. அதுக்காக நான் தொழிலை விட்டுட்டேனா?”

மெக்கானிக் தலையாட்டினார். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆறுதலை வைத்து அடுப்பெரிக்க முடியாதே.

“ஒண்ணு பண்ணலாம். என் காதைக் கடன் வாங்கிக்குங்க. சத்தம் எந்த இடத்துலேருந்து வருதுன்னு நான் சொல்றேன், நீங்க அந்த இடத்தை மட்டும் பிரிங்க.”

மெக்கானிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைச் சாரின் காதோடு பொருத்தினார்.

“இது வழியா சத்தம் நேரா ஏறி வரும் சார். இன்னொரு காதைப் பொத்திக்குங்க.”

சார் மறு காதை விரலால் அடைத்தார். பெரிய வேலையில் இறங்கும்போது செய்வதுபோலக் கண்களையும் மூடிக்கொண்டார். மெக்கானிக் காலைத் தூக்கிக் கிக்கர் மேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லேத் பட்டறையில் மெஷினைப் போட்டுவிட்டார்கள். தரையே அதிர்ந்தது. அது நிற்கட்டும் என்று மெக்கானிக் காத்திருந்தார்.

சுருதி சாரின் கை சட்டென்று உயர்ந்தது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“ஆங்... இதோ! இதேதான்! உள்ளேருந்து வருது. எவ்வளவு சுத்தமா கேக்குது!”

மெக்கானிக் கிக்கரிலிருந்து காலை மெல்ல இறக்கினார். உள்ளே போய்க்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக்கின் கண் கலங்கியிருந்தது.

“என்ன, அப்படியே நிக்கறீங்க?” சார் கண்ணைத் திறந்து, காதிலிருந்து விரலை எடுத்தார். “எடுங்க ஸ்பேனரை. ஆள் கையும் களவுமா மாட்டிக்கிட்டான்ல?”

“சார்... நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலை.”