வள்ளிக்கண்ணுவின் குடம்

மண்ணெண்ணெய்க்குக் கால்கடுக்க நின்றாயிற்று, சலவைக்குப் போட்ட சேலை திரும்பவில்லை, போதாக்குறைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகுகிறது என்று அந்த வாரம் முழுக்க அழகம்மாள் முனகிக்கொண்டே இருந்தாள்.

திருக்கோகர்ணத்துக் குழாயடியில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். பின்னால் இருப்பவள் நகர்த்திவிடுவாள். அடுத்த வீட்டு வள்ளிக்கண்ணுவின் குடத்தை எப்போதும் அழகம்மாள்தான் நகர்த்துவாள். வள்ளிக்கண்ணு தை மாதம் செத்துப்போனாள். அவள் புருசன் வீட்டைப் பூட்டிக்கொண்டு அறந்தாங்கிக்குப் போய்விட்டான். கழுத்து நசுங்கிய அந்தச் செப்புக்குடம் மட்டும் சித்திரையிலும் அழகம்மாளுக்கு முன்னால் வந்து நின்றது. யார் வைக்கிறார்கள் என்று எவளும் கேட்கவில்லை. அதன் முறை வந்தால் ஓரமாக எடுத்து வைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை, அம்மை இறங்கிய மகளுக்குத் தலைக்கு ஊற்றும் நாள். அழகம்மாளின் முறை வந்ததும் குழாய் இருமிவிட்டு நின்றது.

"எம்புள்ளைக்கு ஒரு கொடம் இல்லாமப் போச்சே!"

திரும்பிப் போகும் வழியை மறித்து ஓரத்தில் இருந்த செப்புக்குடத்தைத் தள்ளினாள். அது அசையவில்லை. விளிம்புவரை தண்ணீர். வெளிப்புறமெல்லாம் குளிர்ந்து வேர்த்திருந்தது.

"எடுத்துட்டுப் போங்கக்கா," என்றாள் பின்னால் நின்ற பொன்னுத்தாய், மெல்ல. "வள்ளியக்கா ஒங்க புள்ளைக்குத்தான் குடுத்துருக்கு."

அழகம்மாள் வேப்பிலை போட்டு மகளுக்கு ஊற்றிவிட்டு, காலிக்குடத்தைத் தன் அடுப்படியில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை அது வரிசையில் முதலாவதாக நிமிர்ந்து நின்றது. இந்தத் தடவை யாரும் அதை ஓரங்கட்டவில்லை. குழாய்க்கடியில் வைத்துவிட்டு, அது நிரம்பும்வரை அத்தனை பெண்களும் காத்து நின்றார்கள்.