எந்தப் படத்துல?

"யாராவது கேட்டா உன்னை என்ன வேலைன்னு சொல்றது?" வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் நாத்தனார்.

"நடிகைன்னு சொல்லுங்க அண்ணி."

"எந்தப் படத்துலன்னு கேட்டா? டிவியிலகூட உன் மூஞ்சி வந்ததில்லையே."

தம்பி பெண்டாட்டி சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பல்வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போன நாத்தனார், ஒரு அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கட்டிலில் தம்பி பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புழுவாய்த் துடித்தாள். இளம் டாக்டர் ஒருவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உயிர் போற மாதிரி துடிக்கிறா, பேசிட்டே நிக்கறீங்களே" என்று அழுதபடி உள்ளே பாய்ந்தாள் நாத்தனார். "என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

டாக்டர் திருதிருவென விழித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த பேராசிரியையிடம் திரும்பி, "மேடம், அழற சொந்தக்காரங்களும் பரீட்சையில உண்டா?" என்றார்.

துடித்தவள் எழுந்து உட்கார்ந்து கூந்தலைச் சரிசெய்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி. டாக்டருக்குப் படிக்கிறவங்க பரீட்சைக்கு நோயாளியா நடிக்கிறேன். இதான் என் வேலை."

"நீங்க யாரும்மா?" என்று பேராசிரியை கேட்டார்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பல்வலி போன இடம் தெரியவில்லை.

"நடிகையோட நாத்தனார்."