ஜன்னல் இல்லாத அறை

"நீங்க பேசறேளா, இல்லே நான் பேசட்டுமாப்பா? அந்த டாக்டரை வெளியே வரச் சொல்லுங்கோ!"

மாதவ் போட்ட சத்தத்தில் அக்ரஹாரத்து நர்சிங் ஹோமின் வராண்டாவே திரும்பிப் பார்த்தது. அவன் அப்பா கணபதிராமன் தலை நிமிரவில்லை. பக்கத்தில் அம்மா காமாக்ஷி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

கர்ப்பப்பைப் பரிசோதனைக்காகப் படுத்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இல்லாத அறை. கும்மிருட்டில் பயந்து, உயரமான மேஜையிலிருந்து இறங்கப் பார்த்தவள் தடுமாறி விழுந்தாள். பதறிப்போன நர்ஸ் வெளிச்சத்துக்காகக் கதவை விரியத் திறந்துவிட்டாள். அரைகுறை உடையோடு தரையில் கிடந்தவளை வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

டாக்டர் ஸ்ரீதேவி வந்தார். "ரொம்ப சாரிம்மா. எங்க தப்புதான்."

"ஒரு எமர்ஜென்சி லைட் வைக்க முடியாதா உங்களால?" என்றான் மாதவ்.

"இருக்கு சார். கரண்ட் போனா தானா எரியணும். எரியலை. இப்பத்தான் கழட்டிப் பாத்தோம், அதுக்கு ஒயர் கனெக்‌ஷனே கொடுக்கலை. போன மாசம் மின் சோதனைக்கு வந்தவர் எல்லா ரூமும் சரியா இருக்குன்னு நர்ஸ்கிட்ட சொன்னாராம். நம்பிட்டோம்."

"போகலாம்டா," என்றார் கணபதிராமன். "டாக்டரைத் திட்டாதே."

"உங்களுக்கு எப்பவும் இதே பயம்தான். அம்மா கூனிக்குறுகி உக்காந்திருக்கா பாருங்கோ. அவளுக்காக ஒரு வார்த்தை கேக்க மாட்டேளா?"

"அப்பாவை விடுடா," என்று காமாக்ஷி கணவரின் கையைப் பற்றினாள். "என்னைவிட அவர்தான் உடைஞ்சுபோயிருக்கார்."

அவர் மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டார்.

"சரி, டாக்டரை விட்டுடறேன். மின் சோதனைன்னா உங்க ஆபீஸ்தானேப்பா? வந்தவன் எவன்னு சொல்லுங்கோ. அவனைச் சும்மா விடமாட்டேன்."

கணபதிராமன் அப்போதுதான் நிமிர்ந்தார். மகனைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"அன்னிக்கு அந்த ரூம்ல யாரோ ஒரு அம்மாவைப் பரிசோதிச்சிண்டிருந்தா. காத்திருக்கச் சோம்பல்பட்டு, உள்ளே போய்ப் பாக்காமலே சரின்னு சொல்லிட்டு வந்தவன் நான்தான், காமு."