காலிறுதி

எதிர் நாற்காலி மறுபடியும் காலியாகிவிட்டது.

தோற்ற பெண் கைகுலுக்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.

ஜெசிந்தா பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.

இரண்டு சுற்று ஜெயித்தாயிற்று.

வருடா வருடம் இந்தக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில்தான் சுடோகு போட்டி நடக்கும். நீள மேசைகள். எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் கட்டங்களை நிரப்பி, தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் இருப்பவரின் முதுகு. முடிவுகள் பத்து நாள் கழித்துத் தபாலில் வரும்.

இந்த வருடம் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள்.

ஒரு மேசைக்கு இரண்டு பேர், எதிரெதிரே. இருவருக்கும் ஒரே சுடோகு. முதலில் முடிப்பவர் மேசை மணியை அடிக்க வேண்டும். தோற்றவர் எழுந்து போய்விட வேண்டும்.

இதெல்லாம் சரிவராது என்று காலையில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். அவளும்தான்.

ஐம்பத்தொன்பது வயது அவளுக்கு. ரயில்வே முன்பதிவுக் கவுன்ட்டரில் முப்பது வருடம் இருந்துவிட்டு, உடம்பு முடியாமல் போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறாள். ஒரு ஆளுக்கு அந்த ஒரு பக்கம் போதும். காலைக் காப்பியோடு ஒரு சுடோகு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. சாயங்காலம், வெளிச்சம் இருக்கிறவரை, எத்தனை முடியுமோ அத்தனை.

இன்று முதல் சுற்றில் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்ததும், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு ஒரு மனிதர் வந்தார். அறுபதைத் தொட்டிருப்பார். சட்டைப்பையில் இரண்டு பென்சில்கள். அவள் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைக் குனிந்து படித்தார்.

“ஜெசிந்தா, பொன்மலை. நீங்கதானா அது?”

அவள் நிமிர்ந்தாள்.

“நான் நல்லமுத்து. துறையூர். எட்டு ஒன்பது வருஷமா உங்க பேருக்குக் கீழதான் என் பேரு வருது.”

அந்தப் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முடிவுத்தாள் வந்ததும் தன் பெயரைப் பார்ப்பாள். உடனே அதற்குக் கீழே பார்ப்பாள். அங்கே நல்லமுத்து இருந்தால் தாளை மடித்து வைத்துவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். கடைசிப் பெயர்வரை மூன்று தடவை தேடினாள்.

அதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

இருவரும் தாளைத் திருப்பினார்கள்.

அவர் மூச்சு கேட்டது. ஒரு எண் பிடிபட்டால் இடது கைவிரல் மேசையை லேசாகத் தட்டியது. பிடிபடாவிட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டார். தலையைத் தூக்காமலே இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

ஒன்பது நிமிடத்தில் அவளுக்கு ஒரு கட்டம்தான் மிச்சம். வலது ஓரம், கீழிருந்து இரண்டாவது வரிசை. நான்கு.

எழுதிவிட்டு மணியை அடிக்கலாம்.

அடித்தால் அவர் எழுந்து போய்விடுவார்.

பென்சில் முனை அந்தக் கட்டத்தின் மேல் அப்படியே நின்றது.

அவள் அவரைப் பார்த்தாள். நெற்றியில் மூன்று கோடுகள். வெள்ளைச் சட்டை. இரண்டாவது பட்டனைக் கறுப்பு நூலால் தைத்திருந்தார். முடிச்சு தடிமனாக, கோணலாக விழுந்திருந்தது. காதோரம் வியர்வை இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

கவுன்ட்டரில் இருந்த காலத்தில் முகத்தைப் பார்க்க நேரம் இருந்ததில்லை. படிவம், பணம், அடுத்த ஆள்.

பதினோரு நிமிடம்.

பன்னிரண்டு.

விரல் மேசையைத் தட்டியது. தட்டியது. தொடர்ந்து தட்டியது. அவருக்கு எல்லாம் பிடிபட்டுக்கொண்டிருந்தது.

மணி அடித்தது.

சத்தத்தில் அவரே கொஞ்சம் திடுக்கிட்டார். நடுவர் வந்து அவர் தாளை ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தார். சரி என்று தலையசைத்தார். அரையிறுதி மாடியில் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

நல்லமுத்து எழுந்தார். அவள் தாள் அவர் கண்ணில் பட்டது. பார்த்தபடியே நின்றார்.

“ஒண்ணே ஒண்ணு விட்டிருக்கீங்க. நாலுதானே அது?”

அவள் தாளைக் கவிழ்த்தாள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க வரலியே.”

அவர் கறுப்பு நூலில் தைத்திருந்த பட்டனைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அதைக் கவனிச்சீங்களா?” என்றார் கடைசியில்.

மாடியிலிருந்து ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். அவர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் படியேறினார்.

தோற்றவர்கள் வெளியே போகும் வாசலில் ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள். புதிய முறையைப் பற்றிக் கருத்துக் கேட்டிருந்தார்கள். அவள் சுவரில் வைத்து எழுதினாள்.

எதிரே ஒருவர் அமர்ந்திருந்தது உங்கள் கவனத்தைக் கலைத்ததா?

ஆம்.

அதனால் உங்கள் ஆட்டம் பாதிக்கப்பட்டதா?

ஆம்.

அடுத்த வருடமும் இந்த முறையே தொடரலாமா?

ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பக்கத்தில் இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அதில் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

வேண்டும்.