யன்னலில் ஒரு ஆள்

"அந்தாளை அழிச்சுப்போடுங்கோ, ஸஹாப்தீன். இப்பவே!"

ஸஹாப்தீன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். கமலாதேவி டீச்சர் இப்படிக் கதைத்து அவன் கேட்டதில்லை.

கணினித் திரையில் திருகோணமலை தெரிந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு ஊருக்காகச் செய்த பஸ் ஓட்டும் விளையாட்டைப் பிரித்து, அதற்குள் தங்கள் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் பதினொரு பேர். துறைமுகத்தடியில் பஸ்ஸை எடுத்தால் இறக்கக்கண்டி வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போகலாம். இறங்கி நடக்கச் சொல்லவும் அடையாள அட்டை கேட்கவும் வழியில் ஒருவரும் இல்லை. போர் நடந்த 2007ஆம் ஆண்டில் அப்படி ஒரு பயணம் விளையாட்டில் மட்டும்தான் கிடைத்தது.

எல்லோரும் கூடுவது கமலாதேவியின் கணினி வகுப்பறையில். இந்த வேலைக்கு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியவளும் அவள்தான். விளையாட்டுக்குள் துவக்கோ குண்டோ வரக் கூடாது. இருப்பதை இருக்கிறபடி போட வேண்டும். தன் வீடிருக்கும் ஒழுங்கையைத் தானே கட்டக் கூடாது. விட்டால் ஆளுக்கொரு மாடி கூட்டிக் கட்டிவிடுவார்கள். காரணம் சொல்லாமல் ஒருவர் செய்ததை இன்னொருவர் அழிக்கச் சொல்லக் கூடாது. பிழை காட்டுகிறவர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று பார்க்காமல் திருத்த வேண்டும். நாட்டில் இல்லாத ஒழுங்கெல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருந்தது.

சீட்டுக் குலுக்கியதில் கமலாதேவியின் ஒழுங்கை, கிண்ணியாவிலிருந்து வருகிற ஸஹாப்தீனுக்கு விழுந்திருந்தது. அங்கே ஒரு மாடி வீட்டு யன்னலில் வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"என்னத்துக்கு அழிக்கணும், டீச்சர்? நல்லாத்தானே நிக்கிறாரு."

"அந்த வீட்டில ஆம்பிளை ஒருத்தரும் இல்லை."

"இரிக்காரு எண்டுதான் சொன்னாங்க. விடிய ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் யன்னல்ல நிப்பாராம். போன மாசம் அடிச்ச முதல் சீடியில விட்டுட்டம். அதான் இப்ப சேர்த்தன்."

"பிழையாச் சொல்லியிருக்கினம். எடுங்கோ."

"காரணம் சொல்லுங்க, எடுக்கிறன்."

"காரணம் சொல்ல ஏலாது."

"அப்ப அழிக்கவும் ஏலாது. உங்கட விதிதானே, டீச்சர்!" ஸஹாப்தீன் சிரித்தான். நல்ல மனிதன்தான், ஆனால் விதி என்று வந்துவிட்டால் மலை போல அசைய மாட்டான். அவனை அப்படிப் பழக்கியவளும் அவள்தான்.

"நாளைக்கு இருநூறு சீடி அடிக்கப் போறம். வீடு வீடாப் போகப் போகுது..."

"போகட்டுமே. யன்னல்ல நிண்டா குற்றமா?"

கமலாதேவி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அது என்ர வீடு, ஸஹாப்தீன். நிக்கிறது என்ர மனிசன்."

"அவரு கட்டார்ல வேலை எண்டு..."

"ஊருக்கு அப்பிடித்தான் சொன்னனான். ஆமிக்குக் குடுத்த வீட்டுப் பதிவிலயும் என்ர பேர் மட்டும்தான் கிடக்கு. அவரோட வேலை செய்த ரெண்டு பேரை நம்பர் இல்லாத வெள்ளை வானில ஏத்திக்கொண்டு போனவங்கள். இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அடுத்தது இவர் எண்டு கதை அடிபட்டது. மூண்டு மாசமா ஒரே அறைக்குள்ள இருக்கிறார். இருமல் வந்தாக்கூடத் தலையணைக்குள்ள முகத்தை வைச்சுத்தான் இருமுறவர். விடிய மட்டும் அஞ்சு நிமிசம் காத்துக்கு நிக்கிறன் எண்டு கெஞ்சுவார். நானும் பாவம் எண்டு விட்டிட்டன்."

ஸஹாப்தீன் மவுஸைப் பிடித்தான். யன்னலில் நின்ற ஆளைத் தெரிவுசெய்தான். அழித்தான். யன்னல் வெறுமையாகியது. அந்த ஆளைப் போட்டுச் சேமித்த மற்றக் கோப்புகளையும் தேடிப் பிடித்து ஒன்றுவிடாமல் அழித்தான்.

கமலாதேவி கதிரையில் பொத்தென்று இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருசன் இருந்த இடம் தெரியாமல் அழிந்துபோனதற்கு ஒரு பெண் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய காலமாக அது இருந்தது.

"தப்பிச்சம்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனி யன்னலைத் திறக்கவே விட மாட்டன். ஆணி அடிச்சு விடுவன்."

ஸஹாப்தீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸஹாப்தீன், உங்களுக்கு இதைச் சொன்னது ஆர்? விதியை விடுங்கோ, எனக்கு ஆளைத் தெரியோணும். காலில விழுந்தெண்டாலும் வாயை மூடச் சொல்லிக் கேக்கிறன்."

அவன் மவுஸைத் தள்ளி வைத்தான்.

"எங்கட பதினொரு பேரில ஒராள்தானே?"

"இல்ல, டீச்சர்."

"அப்ப அயல் சனமா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"உங்கட ஒழுங்கை முடக்கில காவலுக்கு நிக்கிற ஆமிக்காரரு, டீச்சர். போன மாசம் என்ட பேக்கைச் செக் பண்ணக்குள்ள முதல் சீடி ஒண்டை எடுத்தவரு. நேத்து என்னை மறிச்சு, 'எல்லாம் சரி, அந்த மேல்வீட்டு யன்னல்ல ஒவ்வொரு நாளும் நிக்கிற ஆளை மட்டும் ஏன் விட்டுட்டாய்?' எண்டு கேட்டாரு."