அட்டை துள்ளி நிற்கும் விதம்

ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் செல்போனில் காட்டும் செயலி அது. தொட்டதும், முடிவு எழுதிய ஓர் அட்டை திரையின் அடியிலிருந்து எழுந்து வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக, செயலியை வடிவமைக்கும் பூங்கோதை ஆறு நாளாக ஒரு வளைகோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அட்டை எங்கே விரைய வேண்டும், எங்கே தயங்க வேண்டும் என்பதை அந்தக் கோடுதான் முடிவு செய்கிறது. கோட்டின் இரண்டு முனைகளும் அசையாது. நடுவை மட்டும் இழுத்து வளைக்கலாம்.

“உயிரே இல்லாம வந்து நிக்குதேம்மா,” என்றார் மேலாளர் சாலமன். “கடைசியில கொஞ்சம் துள்ளட்டுமே.”

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. வளைவை எல்லைக்கு மேலே இழுத்துவிட்டாள். அட்டை தன் இடத்தைத் தாண்டிப் போய், ஒரு குலுங்கு குலுங்கித் திரும்பி வந்து உட்கார்ந்தது. சாலமன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அவள் கணவனின் பரிசோதனை முடிவு அதே செயலியில் வந்தது. அவன் எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தான். அவள் தன் செல்போனில் அதைத் தொட்டாள். அட்டை எழுந்தது, துள்ளியது, நின்றது. சிவப்பில் இருந்த முதல் வரியைப் படித்ததும் மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடியும் துள்ளியது. மூடினாள். திறந்தாள்.

“என்ன போட்டிருக்கான்?” என்றான் அவன்.

அட்டை தன் இடத்தைத் தாண்டிப் போயிருந்தது, இன்னும் திரும்பவில்லை.

“இருங்க,” என்றாள். “வந்துக்கிட்டேதான் இருக்கு.”